பாதியில் நின்ற இரண்டாம் பாகம்

கேம்ஸ் என்றாலே சுடுவது, கார் ஓட்டுவது, கிரிக்கெட் ஆடுவது என்றுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் நினைக்கிறார்கள். கதையை நாமே நடத்திச் செல்லும் ரோல் பிளேயிங் கேம்ஸ் என்று ஒரு வகை உண்டு. எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் திரையில் நான்கைந்து பதில்கள் வரும். நீங்கள் எதைக் கிளிக் செய்கிறீர்களோ அதற்கேற்பக் கதை திரும்பும்.

இந்த வகையில் பெயர் பெற்றது, பயோவேர் நிறுவனம் 2003-ல் தயாரித்த 'ஸ்டார் வார்ஸ்: நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்'. ரசிகர்கள் சுருக்கமாகக் 'கோட்டார்' என்பார்கள். (நாகர்கோவில் கோட்டாறு அல்ல!) நல்லவனாகவும் ஆடலாம், கெட்டவனாகவும் ஆடலாம். அதன் இரண்டாம் பாகமான 'தி சித் லார்ட்ஸ்' பற்றித்தான் எனக்கு இன்றுவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

கொடைக்கானலில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலை காட்ட முடியாது. அப்படிப்பட்ட நாட்களில்தான் இதை ஆடினேன். இதில் க்ரேயா என்று ஒரு கிழவி உங்களுடனேயே வருவாள். ஓர் இடத்தில் பிச்சைக்காரன் ஒருவன் சில்லறை கேட்கிறான். கொடுத்தால், அந்தக் காசுக்காக அவனை இன்னொருவன் அடிக்கிறான். விரட்டினால், அவன் போய் வேறொருவனை அடிக்கிறான். எதைச் செய்தாலும் க்ரேயா உங்களைத்தான் கேள்வி கேட்பாள். பழனி அடிவாரத்தில் நீளும் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வருகிறது. முதல் பாகத்தில் தர்மம் செய்தால் புண்ணியக் கணக்கு ஏறும், அவ்வளவுதான். இங்கே செய்த தர்மமே உறுத்துகிறது. ஒரு கம்ப்யூட்டர் கேம் இப்படி யோசிக்க வைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் கடைசிக் கட்டம்? உங்களுடன் ஊர் ஊராக வந்த தோழர்கள் என்ன ஆனார்கள் என்றே தெரியாது. ஒரு ரோபோ இன்னொரு ரோபோவை வழிமறிக்கும். காட்சி அத்துடன் போய்விடும். நான் கரண்ட் தகராறில் ஏதோ ஃபைல் கெட்டுவிட்டது என்று எண்ணி மறுபடி இன்ஸ்டால் செய்தேன். ஃபைல் கெடவில்லை. கேமே அப்படித்தான்!

காரணம் அவசரம். 2003-ல் தொடங்கிய அப்சிடியன் என்ற புது நிறுவனத்திடம் லூகாஸ் ஆர்ட்ஸ் இந்த வேலையைக் கொடுத்தது. ஒன்றரை ஆண்டுக்குள் முடித்து, 2004 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸுக்கும் 2005 பிப்ரவரியில் கம்ப்யூட்டருக்கும் விற்பனைக்கு விட்டார்கள். நேரம் போதாததால் ரோபோக்கள் வாழும் ஒரு கிரகத்தையே வெட்டிவிட்டார்கள். முழு விலை கொடுத்தவருக்கு இது நியாயமா? வீட்டைக் கட்டி, மொட்டை மாடிக்குப் படி வைக்காமல் சாவி கொடுத்த கதைதான்.

வேடிக்கை என்னவென்றால், வெட்டிய காட்சிகளுக்கான வசனமும் குரலும் பெருமளவு டிஸ்க்கிலேயே இருந்தன, இணைப்புதான் இல்லை. ரசிகர்கள் பல ஆண்டுகள் உழைத்து அவற்றைக் கோத்து இலவசமாகத் தந்தார்கள். இப்படிப் பயனாளர்கள் செய்யும் மாற்றத்துக்கு 'மோட்' என்று பெயர். இதைச் சேர்த்து ஆடினால் அந்தத் தோழர்களின் கதை ஓரளவு முடிகிறது. நிண்டென்டோ ஸ்விட்ச் பதிப்புக்கும் இந்தக் காட்சிகளைத் தருவதாக ஆஸ்பைர் நிறுவனம் 2022-ல் சொன்னது. 2023-ல் ரத்து செய்துவிட்டது. காசு வாங்கியவர்கள் முடிக்காததைக் காசு வாங்காதவர்கள் முடித்தார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சியும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

முழுமையாகச் செய்த முதல் பாகத்தைவிட, அரைகுறையான இரண்டாம் பாகமே எனக்குப் பிடிக்கும். என்றாலும் முதலில் முதல் பாகத்தை ஆடுங்கள். அதன் பெரிய ரகசியத்தை இரண்டாம் பாகம் ஆரம்பத்திலேயே பேச்சுவாக்கில் போட்டு உடைத்துவிடும். ஸ்டீம் தளத்தில் வாங்கினால் அங்கேயே ஒர்க்ஷாப் பகுதியில் இந்த மோட் கிடைக்கும். ஆட்டத்தைத் தொடங்குமுன் அதைச் சேர்த்துவிடுங்கள். பாதி ஆடிய பழைய சேவ் ஃபைல்கள் அதனுடன் ஒத்துப்போகாது. மலையில் இருப்பவர்கள் யு.பி.எஸ். இல்லாமல் உட்கார வேண்டாம்.