தரவரிசைக்கு வெளியே இருப்பவர்கள்: பிட்ஸ்பர்க் பைரேட்ஸின் சிறு லீக் அணிகளை முன்வைத்து

குளிர்காலம் முடியும் தறுவாயில் அமெரிக்க பேஸ்பால் உலகில் ஓர் எழுத்து வகை ஆண்டுதோறும் தழைக்கிறது. இன்ன கழகத்தின் கீழ்நிலை அணிகள் எவை, அவற்றில் நாளைய நட்சத்திரங்கள் யார், ஒன்று முதல் முப்பது வரை அவர்களது தரவரிசை என்ன என்று விரித்துரைக்கும் முன்னோட்டக் கட்டுரைகள் அவை. வீரரின் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் உண்டு; 50 என்றால் மேல் லீக்கின் சராசரி. பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த ஓர் இளைஞனின் கையெறி வலிமைக்கு 60, ஓட்டத்துக்கு 70 என்று எழுதப்படும்போது, அது விளையாட்டு விமர்சனம் போலத் தோன்றினாலும் இயல்பில் ஒரு நிறுவனத்தின் சொத்துக் கணக்கை ஒத்திருக்கிறது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற ஒரு கழகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 2026 பருவத்துக்கான முன்னோட்டத்தைப் படித்தால் இது தெளிவாகும்.

இந்திய வாசகருக்கு முதலில் ஓர் அமைப்பு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஐ.பி.எல். அணி எதற்கும் சொந்தமாக ரஞ்சி அணி கிடையாது. ரஞ்சி வீரர் மாநிலச் சங்கத்தின் அணிக்காக ஆடுகிறார். ஏலத்தில் எடுக்கும் முதலாளி வேறு. அமெரிக்க பேஸ்பாலில் அப்படி இல்லை. முப்பது மேல் லீக் கழகங்கள் ஒவ்வொன்றுக்கும் டிரிபிள்-ஏ, டபிள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்று நான்கு படிநிலை அணிகள். ஆக மொத்தம் 120. அதற்கும் கீழே புளோரிடாவிலோ அரிசோனாவிலோ ஒரு பயிற்சி மைய அணி. டொமினிகன் குடியரசில் ஒரு கழக நிலையம். கீழ்நிலை அணியின் மைதானமும் நுழைவுச்சீட்டு வருமானமும் பெரும்பாலும் உள்ளூர் உரிமையாளருக்குச் சேரும். ஆனால் களத்தில் நிற்கும் வீரர், பயிற்சியாளர், அவர்களது சம்பளம், யார் எப்போது மேலே போவது என்ற முடிவு அனைத்தும் மேல் கழகத்துக்கு உரியவை. உள்ளூர் ரசிகன் தன் அணி வெல்ல வேண்டும் என்று கத்துகிறான். அந்த அணியின் தலைசிறந்த வீரரை நாளைக் காலை வேறு ஊருக்கு அனுப்பும் அதிகாரமோ பல நூறு மைல் தொலைவில் இருக்கிறது.

பைரேட்ஸின் நான்கு ஊர்களும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. உச்சியில் இண்டியானாபொலிஸ், 1902 முதல் இயங்கும் பழைய கழகம் அது. அதற்குக் கீழே அல்டூனா, பென்சில்வேனிய மலைகளுக்கிடையே ரயில் பணிமனைகளால் வளர்ந்த ஊர். அருகிலுள்ள குதிரைலாட வடிவ ரயில் வளைவை முன்னிட்டே அணிக்கு 'கர்வ்' என்று பெயர். வளைந்து இறங்கும் பந்துக்கும் பேஸ்பாலில் அதே பெயர் என்பது கூடுதல் பொருத்தம். அடுத்தது வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ. 1960 பிப்ரவரியில் கறுப்பின மாணவர் நால்வர் வெள்ளையருக்கு மட்டுமான உணவு மேசையில் அமர்ந்து எழ மறுத்ததால் வரலாற்றில் இடம்பெற்ற நகரம் என்று சமூக அறிவியல் மாணவர்கள் அதை அறிவர். அடிப்படியில் புளோரிடாவின் பிராடென்டன். மேல் அணியே வசந்தகாலப் பயிற்சிக்கு அங்குதான் வருகிறது.

இம்முறை முன்னோட்டங்களின் முதல் பத்தி முழுவதையும் கானர் கிரிஃபின் எடுத்துக்கொள்கிறார், எடுத்துக்கொள்ள வேண்டியவர்தான். 2024 தேர்வில் ஒன்பதாவதாக, மிசிசிப்பியின் ஒரு பள்ளியிலிருந்து நேரே எடுக்கப்பட்டவர். 2025 தொடக்கத்தில் பிராடென்டனில் ஆடத் தொடங்கி, பருவம் முடிவதற்குள் கிரீன்ஸ்பரோவைக் கடந்து அல்டூனாவை எட்டிவிட்டார். மூன்று படிகளிலும் சேர்த்து 21 ஹோம் ரன், 65 தளத்திருட்டு, .333 அடிச்சராசரி, அப்போது வயது 19. ஷார்ட்ஸ்டாப் என்ற கடினமான இடத்தில் நின்றுகொண்டு இதைச் செய்தார் என்பதுதான் மதிப்பீட்டாளர்களை மலைக்க வைத்தது. அவருக்குப் பின்னால் 2025 தேர்வில் ஆறாவதாக எடுக்கப்பட்ட கலிஃபோர்னியப் பள்ளிப் பந்தெறிவாளர் செத் ஹெர்னாண்டஸ், 2022இன் நான்காவது தேர்வான டெர்மார் ஜான்சன், டொமினிகன் குடியரசிலிருந்து வந்து பிராடென்டனில் கவனம் ஈர்த்த எட்வர்ட் ஃபுளோரென்டினோ ஆகியோர் இருக்கிறார்கள். பப்பா சாண்ட்லர் 2025 ஆகஸ்டிலேயே மேல் லீக்கை அடைந்துவிட்டார். விளைச்சல் நன்றாகவே இருக்கிறது.

அப்படியானால் கழகம் ஏன் 2015க்குப் பின் ஒருமுறைகூட இறுதிச் சுற்றுகளுக்குச் செல்லவில்லை? 2025இல் ஏன் 71 வெற்றி, 91 தோல்வி? இதற்கான விடை பால் ஸ்கீன்ஸின் கணக்கிலேயே இருக்கிறது. 2023இன் முதல் தேர்வு அவர். ஒப்பந்த முன்பணம் 92 லட்சம் டாலர். 2025இல் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.97 ரன் மட்டுமே விட்டுக்கொடுத்தார், தேசிய லீக்கின் சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருதை ஒரு வாக்குகூடச் சிதறாமல் வென்றார். அதே பருவத்தில் அவர் பெயரில் பதிவான வெற்றி 10, தோல்வி 10. நாற்றங்காலில் எவ்வளவு நல்ல நாற்று வளர்ந்தாலும், வயலில் மற்ற இடங்களை நிரப்பப் பணம் செலவிடாத கழகம் இப்படித்தான் அறுவடை செய்யும். மேல் லீக்கில் சம்பள உச்சவரம்பு இல்லை. இறுதிச் சுற்றுக்கு ஏங்கும் கழகங்களிடையே பைரேட்ஸ் செலவில் எப்போதும் பின்வரிசைதான். 'இளைஞர்கள் வளர்ந்து வருகிறார்கள், பொறுத்திருங்கள்' என்ற வாசகம் அந்நகரில் முப்பது ஆண்டுகளாக விற்கப்படுகிறது. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து இருபது பருவங்கள் தோல்விக் கணக்கிலேயே முடிந்த கழகம் அது. முன்னோட்டக் கட்டுரை இந்த விற்பனைக்குத் துணைபோகிறது என்று சொல்வது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எதிர்காலத்தை மட்டுமே பேசும் எழுத்து, நிகழ்காலத்துக்கான பொறுப்பிலிருந்து உரிமையாளரை விடுவித்துவிடுகிறது.

கிரிஃபின் எப்போது மேலே வருவார் என்பதே 2026 பருவத்துக்கு முன் எங்கும் கேட்கப்பட்ட கேள்வி. இதை ஆட்டத் தகுதி பற்றிய கேள்வியாக மட்டும் எடுத்துக்கொள்வது வெகுளித்தனம். மேல் லீக்கில் 172 நாள் இருந்தால் அது ஓராண்டுப் பணிக்காலம். ஆறு பணியாண்டுகள் நிறைந்தபின்தான் வீரர் தன் உழைப்பைத் தான் விரும்பும் கழகத்துக்கு விற்க முடியும். பருவமோ ஏறத்தாழ 187 நாள். ஆகவே தயாராகிவிட்ட ஒருவரை இரண்டு, மூன்று வாரம் கீழே நிறுத்திவைத்தால் கழகத்துக்கு அவரது உழைப்பின் மேல் கூடுதலாக ஓராண்டு உரிமை கிடைத்துவிடுகிறது. சிகாகோ கப்ஸ் கழகத்தின் கிறிஸ் பிரையன்ட் 2015இல் 171 நாளோடு நிறுத்தப்பட்டார். ஒரே ஒரு நாள் குறைவு. அவர் தொடுத்த முறையீடு 2020இல் நிராகரிக்கப்பட்டது. 2022இன் கூட்டு ஒப்பந்தம் இதற்கு ஓரளவு பரிகாரம் தேடியது. ஆண்டின் சிறந்த புதுமுகத்துக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுபவருக்கு முழு ஆண்டுப் பணிக்காலம் உண்டு. 2024 மே 11 அன்றுதான் அறிமுகமானபோதும் ஸ்கீன்ஸ் அவ்விருதை வென்றதால் முழு ஆண்டும் அவர் கணக்கில் சேர்ந்தது. விருது வாங்காத நூற்றுக்கணக்கானோருக்கு நாள்கணக்கு பழையபடியேதான்.

இத்தனையும் தரவரிசையில் உள்ளவர்களைப் பற்றியது. ஒரு கழகம் அமெரிக்காவில் தன் சிறு லீக் பட்டியலில் வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் 165 பேர். முன்னோட்டம் பேசுவது முப்பது பேரைப் பற்றி. ஏனையோர் எதற்காக இருக்கிறார்கள்? கிரிஃபின் ஓர் ஆட்டம் ஆட வேண்டுமானால் அவருக்குப் பக்கத்தில் எட்டுப் பேர் நிற்க வேண்டும். எதிரணியில் ஒருவர் பந்தெறிய வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் மேல் லீக்கில் ஒரு நாள்கூட ஆடப்போவதில்லை என்பது கழகத்துக்குத் தெரியும். வீரர்களுக்கும் உள்ளூரத் தெரியும். நம்பிக்கையைக் கூலியின் ஒரு பகுதியாகக் கொடுத்து நடத்தப்படும் தொழில் இது. ஆய்வுலகில் இருப்போருக்கு அந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

எஞ்சிய கூலி எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். 2022 வரை டபிள்-ஏ வீரரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 13,800 டாலர். அடிப்படியான பயிற்சி மைய அணியில் 4,800. வசந்தகாலப் பயிற்சி வாரங்களுக்கு ஊதியமே இல்லாத நிலை நெடுங்காலம் நீடித்தது. பேஸ்பாலுக்கு ஏகபோகத் தடைச் சட்டம் பொருந்தாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1922இல் அளித்த தீர்ப்பு இதற்கெல்லாம் நிழல் கொடுத்தது. 1998இல் நாடாளுமன்றம் அந்த விலக்கைத் தளர்த்தியபோதும் மேல் லீக் வீரர்களுக்கு மட்டுமே தளர்த்தியது. ஊதியச் சட்டங்களை மீறுவதாகச் சிறு லீக் வீரர்கள் 2014இல் வழக்குத் தொடுத்தனர். அதற்கு மறுமொழியாக 2018இல் ஒரு பெரும் செலவின மசோதாவுக்குள் 'அமெரிக்காவின் பொழுதுபோக்கைக் காப்போம்' என்ற பெயரில் ஒரு சட்டம் செருகப்பட்டது. சிறு லீக் வீரர்களைக் குறைந்தபட்ச ஊதியப் பாதுகாப்பிலிருந்து வெளியேற்றுவதே அதன் வேலை. சட்டங்களுக்குப் பெயர் வைப்பவர்களின் கற்பனை வளம் எந்நாட்டிலும் குறைவதில்லை.

நிலைமை மாறியது சங்கத்தால். 2022 செப்டம்பரில் மேல் லீக் வீரர் சங்கம் சிறு லீக் வீரர்களின் பிரதிநிதியாக ஏற்கப்பட்டது. 2014 வழக்கும் 18.5 கோடி டாலர் சமரசத்தில் முடிவுக்கு வந்தது. 2023இன் முதல் கூட்டு ஒப்பந்தம் டபிள்-ஏ சம்பளத்தை 30,250 டாலராகவும், டிரிபிள்-ஏ சம்பளத்தை 35,800 டாலராகவும் உயர்த்தியது. பட்டியலை 180இலிருந்து 165ஆகக் குறைக்கும் சலுகையைக் கழகங்கள் பதிலுக்குப் பெற்றன. அதற்கு முன்பே, 2020 பருவத்துக்குப் பின் 160 ஆக இருந்த இணைப்பு அணிகள் 120 ஆக வெட்டப்பட்டுவிட்டன. பைரேட்ஸின் கீழ் இருந்த பிரிஸ்டலும் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனும் அப்போது கழன்றன. தரவரிசை எழுத்து அவ்வூர்களை மறுஆண்டே மறந்தது.

இந்த அமைப்பை உருவாக்கியவர் என்று பிராஞ்ச் ரிக்கி சுட்டப்படுகிறார். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காகக் கீழ்நிலை அணிகளை வாங்கிச் சேர்த்து, வீரர்களை விலைக்கு வாங்குவதற்குப் பதில் விளைவிக்கலாம் என்று காட்டியவர். பண்ணை என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் பைரேட்ஸின் வரலாற்றில் மிகப் பெரிய பெயரான ராபர்ட்டோ கிளெமென்டே அக்கழகத்தின் பண்ணையில் விளைந்தவர் அல்லர். 1954இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கழகம் அவரை ஒப்பந்தம் செய்து மான்ட்ரியல் அணியில் வைத்திருந்தது. திறமையாளரைக் கீழ்நிலையில் பதுக்குவதைத் தடுக்க ஏற்பட்ட விதியைப் பயன்படுத்தி, அவ்வாண்டு நவம்பரில் 4,000 டாலருக்குப் பைரேட்ஸ் அவரைக் கைப்பற்றியது. அப்போது பைரேட்ஸின் பொது மேலாளர் அதே ரிக்கிதான்! பண்ணையின் கதவுகளைக் கட்டியவருக்கே அதில் ஓட்டை எங்கே என்பது தெரிந்திருந்தது. பதுக்கல் எதிர்ப்பு விதி ஒன்று இல்லாவிட்டால் எத்தனை கிளெமென்டேக்கள் மான்ட்ரியலிலேயே முதுமை அடைந்திருப்பார்கள் என்பதை எந்தத் தரவரிசையும் சொல்லாது.

பைரேட்ஸின் கதையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 2008இல் நடந்த தொலைக்காட்சிப் போட்டி ஒன்றின் வழியே, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிதல் வீரர்கள் ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் அக்கழகம் ஒப்பந்தம் செய்தது. ஏ.ஆர். ரகுமான் இசையமைத்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' படம் அந்த ஒப்பந்தத்தை வெற்றியாகக் கொண்டாடுகிறது. படம் விட்ட இடத்தில்தான் சிறு லீக் வாழ்க்கை தொடங்கியது. 2009இல் பிராடென்டனில் இருவரும் ஆடினர். 2010க்குப் பின் பட்டேல் விடுவிக்கப்பட்டார். ரிங்கு சிங் சிங்கிள்-ஏ வரை உயர்ந்தார். பின்னர் காயங்கள் குறுக்கிட, தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றார். இதைத் தோல்விக் கதை என்பது தவறு. பேஸ்பாலைக் கண்ணால் பாராத ஒருவர் சில ஆண்டுகளில் அவ்வளவு தூரம் ஏறியது பெரிய காரியம். ஆனால் அக்கழகத்துக்கு அவர்கள் மலிவான ஒரு முயற்சி. பலித்திருந்தால் ஒரு நாட்டின் சந்தையே திறந்திருக்கும்.

மலிவான முயற்சிகளுக்கு நிரந்தர இடம் டொமினிகன் குடியரசு. அங்கே 16 வயதில் ஒப்பந்தம். அமெரிக்கத் தேர்வு முறைக்கு வெளியே இருந்தாலும், வெளிநாட்டு இளைஞர்களுக்குக் கழகம் தரக்கூடிய மொத்த முன்பணத்துக்குக் கண்டிப்பான உச்சவரம்பு உண்டு. உரிமையாளர்கள் மேல் லீக்கில் நெடுநாளாகக் கேட்டும் கிடைக்காத உச்சவரம்பு, குரலற்ற இச்சிறுவர்கள் மீது 2017 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2023இன் கூட்டு ஒப்பந்தம் டொமினிகன் கோடை லீக்கில் ஆடுபவர்களை உள்ளடக்கவில்லை. ஃபுளோரென்டினோ பிராடென்டனுக்கு விமானம் ஏறிய நாளில்தான் அவருக்குச் சங்கம் கிடைத்தது; விமானம் ஏறாதவர்களுக்கு இன்றும் இல்லை. மேல் லீக்கின் ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று காலாவதியாகிறது, சிறு லீக்கின் ஒப்பந்தம் 2027 பருவத்தோடு. உச்சவரம்பைப் பற்றிய பெரும் சச்சரவு வரும் குளிர்காலத்தில் உறுதி. அந்த மேசையில் கோடீஸ்வர வீரர்களும் அவர்களைவிடப் பெரிய கோடீஸ்வர உரிமையாளர்களும் அமர்ந்திருக்கும்போது, டொமினிகன் கோடை லீக்கின் சம்பளம் நிகழ்ச்சி நிரலில் எத்தனையாவது வரியில் வரும் என்பதைப் பார்க்க வேண்டும்.