சீவாளி நனையும் வரை பொறுங்கள்

போன மாதம் தில்லைநகரில் ஒரு கல்யாணம். நாயனக்காரர் நாகசுரத்தின் ஊதுநாக்கான சீவாளியை வாயில் வைத்து நனைத்து, பதம் பார்த்து, தோடி ராகத்தை எடுத்தார். நாலே நிமிடம்தான். ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் சீவாளியைக் கழற்றித் துணியில் சுற்றி வைத்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது.

ஸ்ரீரங்கத்துக்காரி நான். நாகசுரக் கலைஞர் ஷேக் சின்ன மௌலானா வாழ்ந்த ஊர் இது. ஆந்திரத்தின் கரவதியில் 1924-ல் பிறந்தவர், தஞ்சாவூர் பாணியின் மேல் வைத்த ஆசையில் நாச்சியார்கோவில் ராஜம் – துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, இங்கேயே குடியேறினார். 1998-ல் மியூசிக் அகாடமி அவருக்கு சங்கீத கலாநிதி விருது அளித்தது. அவரிடம் பயின்ற காலீஷாபி – மகபூப் சுபானி தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ.

நாகசுரம் திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டில் அதனோடு வரும் தவிலுக்கு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். வலந்தலையில் விரல்கூடு விழும் ஒவ்வொரு அடியும் விலா எலும்பில் கேட்கும். தீர்மானம் வைத்து முடிக்கும்போது பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாதவர் நம்மைப் பார்த்துத் தலையாட்டுவார். எந்தப் பதிவிலும் அது கிடைக்காது.

கல்யாண வீட்டாரே, முகூர்த்தத்துக்கு முன் அரை மணி நேரம் ஒலிபெருக்கியை அணையுங்கள். பேசிய சன்மானத்தை இழுத்தடிக்காமல் கையில் கொடுங்கள். மேளக்காரர்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போடுங்கள்.