ஒரு டப்பா கடல்பாசி மாத்திரை = மூன்று முட்டை

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் யாராவது இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

போன மாதம் ஆற்காடு பஸ்ஸில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் முதல் பெஞ்ச். இப்போது தோல் ஷாப்பில் வேலை, இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இடது காலில் கட்டு. என்னடா என்றேன்.

"சுகர் புண்ணு சார். ரெண்டு விரலை எடுத்துட்டாங்க."

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடவில்லையா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். "நாலு மாசம் நிறுத்திட்டேன் சார். கடல்பாசி மாத்திரை சாப்டா இங்கிலீஷ் மருந்தே வேணாம்னாங்க. நம்ம சார்தான் சொன்னாரு."

அவன் சொன்ன 'நம்ம சார்' நான் இல்லை. என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்னொரு ஆசிரியர். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம், அவர் நடத்திய கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன்.

ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். திரையில் நீலக் கடல் படம். டீ, சமோசா. கோட்டு போட்ட ஒருவர் வந்து சுகர், பிரஷர், மூட்டுவலி, கிட்னி, கேன்சர் எல்லாவற்றுக்கும் கடலில் பதில் இருக்கிறது என்றார். 60 மாத்திரை உள்ள டப்பா 1,200 ரூபாய். மாதம் இரண்டு டப்பா. மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் கமிஷன். முப்பது வருடத்துக்கு மேல் அறிவியல் பாடம் நடத்திய நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து சமோசா தின்றுவிட்டு, கூட வேலை பார்த்தவர் மனம் நோகக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்த மௌனத்துக்கு என் மாணவனின் இரண்டு விரல் விலை. அதனால்தான் இந்தப் பதிவு.

பாசி மீது எனக்குக் கோபம் இல்லை. அதன் பெயரைச் சொல்லி விற்கிற பொய்கள் மீதுதான் கோபம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பொய், கடல். அந்த டப்பாவை வாங்கி லேபிளைப் படித்தேன். உள்ளே இருப்பது ஸ்பைருலினா. அது கடலில் விளைகிற பொருளே இல்லை. காரத்தன்மை உள்ள ஏரித் தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசி. மெக்சிகோவின் டெக்ஸ்கோகோ ஏரியில் அஸ்டெக் மக்கள் அதை வழித்தெடுத்துத் தின்றார்கள். ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைப் பெண்கள் இன்றும் வெயிலில் காயவைத்து வில்லைகளாக வெட்டி விற்கிறார்கள். நம் ஊரில் சிமென்ட் தொட்டியில் சோடா உப்பு கரைத்து வளர்க்கிறார்கள். கடல் படம் எதற்கு? தொட்டிப் பாசி என்றால் 1,200 ரூபாய் யார் கொடுப்பார்கள்?

இரண்டாவது பொய், சத்து. ஸ்பைருலினாவின் உலர் எடையில் சுமார் 60 சதவீதம் புரதம். இது உண்மை. இப்போது ஐந்தாம் வகுப்புக் கணக்கு போடுவோம். ஒரு மாத்திரை 500 மில்லிகிராம். 60 மாத்திரை 30 கிராம். அதில் புரதம் 18 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஆக, ஒரு டப்பா என்பது மூன்று முட்டை. முட்டை 7 ரூபாய் என்று வைத்தாலும் 21 ரூபாய். முட்டை சாப்பிடாதவர்களுக்கு நம் பக்கத்து வேர்க்கடலை இருக்கிறது, 100 கிராமில் சுமார் 25 கிராம் புரதம்.

சைவக்காரர்களிடம் இதில் பி12 இருக்கிறது என்று தனியாக ஒரு பேச்சு பேசுகிறார்கள். ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. பார்க்க வைட்டமின் மாதிரி இருக்கும், நம் உடம்புக்கு உதவாது. அதை நம்பி இருக்கிறவர்களுக்குக் கை கால் மரத்துப் போகலாம். சுகர் மாத்திரையான மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே பி12 குறைய வாய்ப்பு உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மூன்றாவது பொய், மருந்து. இதில்தான் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஏனென்றால் கடல் நுண்பாசிகளில் நல்ல பொருட்கள் இருப்பது உண்மை.

மீன் எண்ணெயில் ஒமேகா-3 இருக்கிறது என்கிறோமே, மீன் அதைத் தானாகப் பெரிய அளவில் தயாரிப்பதில்லை. கடலின் நுண்பாசியில் உருவாகி, அதைத் தின்னும் சின்ன உயிர்கள் வழியாக மத்திக்கும் நெத்திலிக்கும் வருகிறது. குழந்தைகளின் பால்பவுடரில் சேர்க்கும் டிஹெச்ஏ எண்ணெயைக்கூட நுண்பாசியைத் தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். உப்பளப் பாத்திகளில் உப்பு முற்றும்போது தண்ணீர் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிறத்துக்கு ஒரு காரணம் டுனாலியெல்லா என்ற நுண்பாசி. பீட்டா கரோட்டினை உடம்பில் சேர்த்துவைக்கும்.

கேன்சர் மருந்தும் வந்திருக்கிறது. கடல்முயல் என்ற ஓடில்லாத நத்தை வகை ஒன்றிலிருந்து டோலாஸ்டாட்டின் 10 என்ற பொருளைப் பிரித்து, அதன் அமைப்பை 1987-இல் வெளியிட்டார்கள். அந்த நத்தை தின்னும் கடல் நீலப்பச்சைப் பாசியில்தான் அது உருவாகிறது என்று பிறகு தெரிந்தது. அப்படியே மனிதனுக்குக் கொடுத்தால் தாங்காது. அதை மாற்றியமைத்து, கேன்சர் செல்லைத் தேடிப் போகும் ஆன்டிபாடியோடு இணைத்து, சோதனை மேல் சோதனை செய்து, 2011-இல்தான் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. 24 வருடம். அதுவும் குறிப்பிட்ட சில ரத்தப் புற்றுநோய்களுக்கு மட்டும், மருத்துவமனையில், நரம்பில் ஏற்றும் மருந்து. பாசி மருந்தாகும் வழி அது. நம் மண்டபத்தில் 24 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டார்கள்.

ஸ்பைருலினாவை வைத்தும் சின்னச் சின்ன ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கொழுப்பும் சர்க்கரையும் சற்றுக் குறைந்ததாகச் சிலவற்றில் வந்திருக்கிறது. சுகர் மாத்திரையை நிறுத்தலாம் என்பதற்கு அதில் எந்த ஆதாரமும் கிடையாது.

நான்காவது பொய், இயற்கைப் பொருள், கெடுதலே கிடையாது. நம் பக்கத்தில் பீடி குடிக்கிறவர்கள் எத்தனை பேர்? அவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எதிர்பார்த்து, ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994-இல் வந்த முடிவு தலைகீழ். மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் இதேபோல நடந்த இன்னொரு ஆய்வை 1996-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அவர்கள் கொடுத்தது பாசியில் எடுத்தது இல்லை, செயற்கையாகச் செய்தது. சரி. ஆனால் பாசியில் எடுத்த மாத்திரை பீடிக்காரனைக் காப்பாற்றும் என்று சொல்ல உங்களிடம் என்ன ஆய்வு இருக்கிறது? முருங்கைக்கீரையில் வருகிற கரோட்டினுக்கு இந்தப் பயம் வேண்டாம். அளவு மீறிய மாத்திரைக்குத்தான் பயம்.

இன்னொன்று, நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரிய வேண்டியது. பாசி தண்ணீரில் உள்ள உலோகத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் கழிவுநீரைச் சுத்தம் செய்யவே பாசி வளர்க்கிறார்கள். ஆல்ஜினேட் ஆலையின் அமிலக் கழிவுநீரைப் பாசி வளர்த்துச் சரிசெய்த வேலையைச் சென்னை விவேகானந்தா கல்லூரி வி. சிவசுப்பிரமணியன் குழுவினர் 2009-இல் ஆய்விதழில் எழுதினார்கள். அந்த வேலை நடந்தது நம் ராணிப்பேட்டையில். குரோமியத்தோடு வாழ்கிற நாம், வாயில் போடும் பாசி எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் வாங்குகிறோம்.

எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. 1980-களில் சென்னை முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி என்ற விஞ்ஞானி இந்த ஸ்பைருலினாவைக் கிராமத்துப் பெண்களே வீட்டருகில் வளர்க்கும்படி எளிய முறைகளை உருவாக்கினார். வைட்டமின் ஏ இல்லாமல் கண் கெடும் குழந்தைகளுக்கு ஒரு சிட்டிகை பாசி போய்ச் சேர வேண்டும் என்பது நோக்கம். ஏழைக் குழந்தைக்காக யோசித்த பொருளை, ஏழைத் தொழிலாளியிடம் மாதம் 2,400 ரூபாய் பிடுங்கும் பொருளாக மாற்றிவிட்டார்களே!

இதைச் சொன்னால் இரண்டு பதில் வரும். "நான் சாப்பிட்டேன், நல்லா இருக்கு." நல்லது ஐயா. நீங்கள் கூடவே நடைப்பயிற்சியும் ஆரம்பித்தீர்கள், டீயில் சர்க்கரையும் நிறுத்தினீர்கள். பாராட்டு மட்டும் பாசிக்கா? இரண்டாவது, "நீங்க மருந்து கம்பெனி ஏஜென்டா?" மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021-லிருந்து சுகர், பிரஷர் மாத்திரை இலவசமாக வீட்டுக்கே வருகிறது. இலவச மாத்திரையைச் சாப்பிடு என்று சொல்கிற எனக்கு யார் கமிஷன் தருவார்கள்?

சட்டமும் இருக்கிறது. சுகர், பிரஷர், கேன்சர் குணமாகும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை உண்டு. இந்த மாதிரி டப்பாக்களில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது விதி. என் மாணவன் வாங்கிய டப்பாவிலும் இருந்தது. எறும்பு அளவு எழுத்தில், இங்கிலீஷில். மேடையில் பேசியது தமிழில்.

போன வாரம் அந்த ஆசிரியர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். "நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவே இல்ல சார், சத்துக்குச் சாப்பிடச் சொன்னேன்" என்றார். இருக்கலாம். மேடையில் கோட்டுக்காரர் சொன்னார், இவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார், நான் கடைசி வரிசையில் சும்மா இருந்தேன். அவன் மூன்று பேரையும் நம்பினான்.

ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர்களே, அந்தக் கம்பெனிகள் நம்மைத் தேடி வருவது நம் திறமைக்காக இல்லை. ஊரில் பாதிப் பேர் நம்மிடம் படித்தவர்கள். 'சார் சொன்னா சரியா இருக்கும்' என்ற அந்த ஒரு சொல்லைத்தான் அவர்கள் வாங்குகிறார்கள். அதை விற்காதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரே வேண்டுகோள். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். யாராவது நிறுத்தச் சொன்னால் பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ நுகர்வோர் உதவி எண் 1915-லோ புகார் கொடுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் கலவையில் என் வீட்டுக்கு வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.

அடுத்த கூட்டம் எந்த மண்டபத்தில் நடந்தாலும் வருவேன். இந்தத் தடவை முதல் வரிசையில் உட்காருவேன்.