கடல்மல்லைக்குச் செல்லும் கூடை

மாசி மகத்தன்று கடல்மல்லை ஸ்தலசயனப் பெருமாள் தீர்த்தவாரிக்குக் கடற்கரை எழுந்தருள்வார். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அதற்கான ஏற்பாடு முதல்நாளே மளிகைக் கடையில் தொடங்கிவிடும். கற்பூரம், ஊதுவத்தி, மஞ்சள், குங்குமம், நல்லெண்ணெய், புளியோதரைக்கு வேண்டிய சாமான்கள் என்று சீட்டு நீளும். வீடு வந்து பையைக் கவிழ்த்தால் பண்டத்தைவிட உறைகளே கண்ணை நிறைக்கும். ஊதுவத்தி ஒன்றுக்கே அட்டைக்கு உள்ளே ஓர் உறை, வெளியே ஓர் உறை!

இத்தலத்தின் வரலாறே பூக்கூடையில் தொடங்குவதுதான். புண்டரீக மகரிஷி தாமரை மலர்களைப் பறித்து, பாற்கடல் நாதனின் திருவடியில் சேர்க்க விரும்பினார். குறுக்கே கடல் நின்றது. அதை இறைத்து வழி காண்பதென்று கையாலேயே இறைக்கத் தொடங்கினார். முதியவராக வந்த பெருமாள் பசிக்கு அன்னம் கேட்டார். முனிவர் அன்னத்துடன் திரும்பி வந்தபோது, அந்த மலர்களை ஏற்றுக்கொண்டு, அரவணையும் இன்றி வெறுந்தரையில் சயனித்திருந்தார். ஸ்தலசயனம் என்ற பெயர் அதனால் வந்தது. உற்சவர் உலகுய்ய நின்றான் திருக்கரத்தில் இன்றும் தாமரை மொட்டு விளங்குகிறது.

அந்தக் கடலோரத்தில் இப்போது பூவைச் சுமந்து வந்த நெகிழிப் பைகள் கிடக்கின்றன. காற்று அவற்றை அலைக்குள் தள்ளுகிறது. மாசியும் பங்குனியும் கடலாமைகள் இக்கரையேறி முட்டையிடும் காலம். மீனவர்கள் அவற்றைப் பங்குனி ஆமை என்றே அழைப்பார்கள். நீரில் மிதக்கும் வெளிர்ந்த பையைச் சொறிமீன் என்று எண்ணிக் கடலாமைகள் விழுங்கிவிடுவதுண்டு. ஆமைகள் மடிவதற்கு இழுவை வலைகளே பெருங்காரணம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வலை விரிப்பது பக்தர்களின் கையில் இல்லை. பை அவர்கள் கையில் இருக்கிறது. கூர்மமாக அவதரித்தவனைச் சேவிக்க வந்தவர்கள் விட்டுச் செல்லும் பை அது.

2019 அக்டோபர் 12 அன்று பிரதமர் நரேந்திர மோதி காலை நடையின்போது இக்கரையில் நெகிழிக் குப்பைகளைப் பொறுக்கியதை நாடே பார்த்தது. நல்ல செயல்தான். ஆனால் வந்து விழுவது நிற்காதவரை, கரையில் பொறுக்குவது கடலைக் கையால் இறைப்பது போன்ற வேலை. முனிவருக்காவது உதவிக்குப் பெருமாள் வந்தார். கடை வாசலிலேயே வேண்டாம் என்று சொல்வது அதைவிட எளிது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதலே, எவ்வளவு தடிமனாயினும், நெகிழிக் கைப்பைகளுக்குத் தடை உண்டு. 2021 டிசம்பரில் அரசே மஞ்சப்பையை மீண்டும் எடுக்கச் சொல்லி இயக்கம் தொடங்கியது. பட்டிக்காட்டு அடையாளம் என்று ஒருகாலத்தில் நகைக்கப்பட்ட பை அது.

எல்லா உறையையும் ஒரே நாளில் விலக்க இயலாது. கற்பூரம் திறந்து வைத்தால் காற்றில் கரைந்துவிடும். அதைச் சிறு சிறு பொட்டலமாக வாங்காமல் பெரியதாக ஒன்று வாங்கி, நாலு மிளகுடன் இறுக மூடும் டப்பாவில் வைப்பது பழைய வழக்கம். பிரசாதத்தைச் செய்தித்தாளில் மடிப்பதும் சரியன்று. அச்சு மை உணவில் ஏறும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. வாழையிலை இருக்கிறது, தாமரையிலை இருக்கிறது.

செங்கல்பட்டில் ஒரு வீட்டில், புளிக்கும் வெல்லத்துக்கும் சம்படங்களை எடுத்துப் போகச் சொன்னார் மாமியார். மருமகளுக்குக் கூச்சம்.

"கடைக்காரர் சிரிப்பார், அத்தை."

"சிரிக்கட்டும்மா. வெறும் சம்படத்தை முதலில் தராசில் வைத்து எடையைக் கழிக்கச் சொல்லு. இல்லாவிட்டால் நீதான் அழவேண்டும்."

கடைக்காரர் சிரிக்கவில்லை. எடையைக் கழித்து நிறுத்துக் கொடுத்தார். அடுத்து நின்றவர்தான் சம்படத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தார்.

மறுநாள் தீர்த்தவாரி முடிந்து பெருமாள் திரும்பினார். பூ பொதிந்து வந்த தாமரையிலையை மணலில் விடாமல் மடித்துக் கூடைக்குள் வைத்துக்கொண்டார் மாமியார். வீட்டுத் துளசிக்கு அது உரமாகும்.