தீவும் தீர்ப்பும்

துப்பறியும் புதினம் என்றதும் முகஞ்சுளிக்கும் வழக்கம் இலக்கியம் பயில்வோரிடையே இன்றும் உண்டு. தொடர்வண்டிப் பயணத்தில் படித்துவிட்டு, இறங்கும்போது இருக்கையிலேயே விட்டுவரத்தக்கது என்பது அவர்தம் எண்ணம். அகதா கிறிஸ்டி 1941இல் வெளியிட்ட ‘ஈவில் அண்டர் தி சன்’ அவ்வெண்ணத்தை மாற்றவல்லது என்பது எம் கருத்து.

இங்கிலாந்தின் டெவன் கடற்கரையை ஒட்டிய சிறு தீவில் ‘ஜாலி ரோஜர்’ என்னும் விடுதி. ஓதம் ஏறினால் கரையோடு இணைக்கும் பாதை நீருள் மறையும். டெவனில் உள்ள பர்க் தீவே இதற்கு முன்மாதிரி. விடுமுறைக்கு வந்தோருள் ஒருத்தி ஆர்லினா மார்ஷல், முன்னாள் நடிகை. கணவன் உடனிருக்கவே, மணமான இளைஞன் பேட்ரிக் ரெட்ஃபர்னோடு நெருங்கிப் பழகுகிறாள். தீமையின் உருவம் இவளே என்று பாதிரியார் ஒருவர் சாதிக்கிறார். ஏனையோரும் ஏறத்தாழ அதே கருத்தினர். ஒரு நாள் அவள் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடக்கிறாள்.

முடிவைச் சொல்லுதல் முறையன்று என்பர். எண்பது ஆண்டு கடந்த நூலுக்கு அவ்விலக்கு எதற்கு? கொன்றவர்கள் பேட்ரிக்கும் அவன் மனைவி கிறிஸ்டினும். கிறிஸ்டின் உடலில் நிறம் பூசி, தொப்பியால் தலையை மறைத்துப் பிணம்போல் கிடக்கிறாள். ஆர்லினாவோ உயிரோடு குகையில் ஒளிந்திருக்கிறாள். பேட்ரிக்குடன் படகில் வந்து ‘பிணத்தைக்’ கண்ட பெண்மணி காவலரை அழைக்கத் திரும்பிய பின்னரே உண்மைக் கொலை நிகழ்கிறது. வெயில் காய்வோரின் உடல்களுக்குள் வேறுபாடே இல்லை என்று துப்பறிவாளர் புவாரோ தொடக்கத்திலேயே சலித்துக்கொள்கிறார். வேடிக்கைப் பேச்சென நாம் கடந்துவிடும் அதுவே திறவுகோல்.

ஆயினும் எம்மை ஈர்த்தது இச்சூழ்ச்சித் திறன் அன்று. ஆர்லினா ஆடவரை வேட்டையாடுபவள் என்று ஊர் நம்பியது. புவாரோ கண்டதோ நேர்மாறு: எளிதில் ஏமாறும் அவளிடமிருந்து, முதியவர் ஒருவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கறந்தவன் பேட்ரிக். அவளைப்பற்றிய பழிச்சொல்லே கொலைஞருக்குத் திரையாயிற்று. கணவனை இழக்கும் பேதையாகக் கிறிஸ்டின் நடிக்க, அனைவரும் அவளுக்காக இரங்கினர். சிற்றன்னையை வெறுத்த சிறுமி லிண்டா, தான் செய்த மெழுகுப் பாவையாலேயே அவள் மாண்டாள் என நம்பி உயிர்விடவும் துணிகிறாள். அந்நம்பிக்கைக்கு நெய் வார்த்தவளும் கிறிஸ்டினே.

குறையும் உண்டு. உண்மை வெளிப்பட்ட பின்னும், ஆர்லினாவைத் தூற்றியோர் எவரும் நாணித் தலைகுனிவதாக ஆசிரியர் காட்டவில்லை. சொந்த உழைப்பால் ஆடைத்தொழிலில் பெயர்பெற்ற ரோசமண்ட், ஆர்லினாவின் கணவனை மணப்பதற்காக அத்தொழிலைக் கைவிட இசைவதோடு கதை முடிகிறது. ஒரு பெண்ணைப்பற்றி உலகம் கொண்ட கருத்தை இத்துணைத் துணிவாகப் புரட்டிப்போட்டவர், இன்னொருத்தியை ஏன் அவ்வளவு எளிதாக அடங்கச் செய்தார் என்பது எமக்கு விளங்கவில்லை.