நம் வீட்டுப் பேச்சுக்கு எந்தச் செயலி?

ஒரு கையடக்கத் தொலைபேசி வாங்குவதென்றால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். விலையைக் கேட்கிறோம், கெமராவைப் பார்க்கிறோம், எத்தனை மாத உத்தரவாதம் என்று விசாரிக்கிறோம். ஆனால் அந்தத் தொலைபேசியில் தினமும் பேசப்போகும் செயலியைத் தெரிவு செய்ய ஒரு நிமிடம்கூடச் செலவிடுவதில்லை. "எல்லாரும் அதைத்தானே பாவிக்கிறாங்க" என்பதே போதுமான காரணமாகிவிடுகிறது. வெளிநாட்டிலுள்ள வாப்பாவுக்கு அனுப்பும் பிள்ளைகளின் படங்கள், ராத்தாவின் கல்யாணப் பேச்சு, கடன், அடகு, உம்மும்மாவின் வைத்திய அறிக்கை என்று வீட்டின் உள்ளறை முழுவதும் இன்று அந்தச் செயலிக்குள்தான் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுக்குள் ஸலாம் கூறி அனுமதி பெறாமல் நுழையக் கூடாது என்று சிறு வயதிலேயே படித்தவர்கள் நாம். நமது உள்ளறையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று கேட்காமல் இருக்கலாமா?

என் கருத்து இதுதான். பேசுவதற்கும் வீடியோ அழைப்புக்கும் எந்தச் செயலி என்பது குடும்பமாக அமர்ந்து எடுக்க வேண்டிய தீர்மானம். அதில் வீட்டுப் பெண் பிள்ளைகளுக்கும் இடமிருக்க வேண்டும். ஏனென்றால், பிழையான தெரிவுக்கு அதிக விலை கொடுப்பவர்கள் நாங்கள்தான்.

தெரிவு செய்யும்போது மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

முதலாவது கேள்வி: நாம் பேசுவதை நடுவில் யாராவது வாசிக்க முடியுமா?

நல்ல செயலிகளில் 'முனைக்கு முனை மறைகுறியாக்கம்' என்றொரு ஏற்பாடு உண்டு. அனுப்புபவரின் தொலைபேசியிலேயே செய்தி பூட்டப்படும். பெறுபவரின் தொலைபேசியில் மட்டுமே அது திறக்கும். நடுவிலுள்ள நிறுவனம் பூட்டிய பெட்டியைச் சுமந்து செல்லுமே தவிர, உள்ளே இருப்பதைப் பார்க்க முடியாது. வட்ஸ்அப் 2016ஆம் ஆண்டு முதல் எல்லாருக்கும் இந்தப் பூட்டைப் போட்டிருக்கிறது. சிக்னல் செயலியிலும் அப்படியே. டெலிகிராமில் நிலைமை வேறு. அங்கே 'இரகசிய உரையாடல்' என்று தனியாகத் திறந்தால்தான் செய்திகளுக்கு இந்தப் பூட்டு விழும். சாதாரண உரையாடல்களும் குழுக்களும் அந்த நிறுவனத்தின் சேவையகங்களில் நிறுவனமே திறக்கக்கூடிய நிலையில் இருக்கின்றன. "டெலிகிராம்தான் இரகசியமானது" என்று வகுப்பில் பலர் சொல்வதைக் கேட்கிறேன். அது பாதி உண்மைதான்.

பூட்டு இருந்தாலும் உறையின் மேல் முகவரி தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது. யார், யாருடன், எப்போது, எத்தனை தடவை பேசினார் என்பதை நிறுவனம் அறிய முடியும். 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் வட்ஸ்அப்பைச் சுமார் 19 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. இன்று நம்மிடம் ஒரு சதமும் கேட்காத ஒரு செயலிக்கு அவ்வளவு விலை ஏன் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். இலாப நோக்கற்ற ஒரு அமைப்பு நடத்தும் சிக்னலோ, யாருடன் பேசினோம் என்ற பதிவைக்கூடத் தன்னிடம் வைத்திருப்பதில்லை.

விளம்பரத்தை அப்படியே நம்பவும் கூடாது. கொரோனா காலத்தில் எங்கள் பாடசாலையே ஸூம் செயலிக்குள் குடிபுகுந்தது. தன்னிடம் முனைக்கு முனை பூட்டு இருப்பதாக ஸூம் நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது உண்மையல்ல என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2020 நவம்பரில் அந்த நிறுவனம் ஓர் இணக்கப்பாட்டுக்கு வரவேண்டியதாயிற்று. பாடம் நடத்த அது பரவாயில்லை. ஆனால் வீட்டு விடயம் பேசப் போகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: நமது இலக்கம் யார் யாருக்குப் போகிறது?

மாணவிகளான எங்களுக்கு இதுவே மிகப் பெரிய கேள்வி. உயர்தரம் படிக்கும் ஒருவர் இன்று குறைந்தது நாலைந்து வட்ஸ்அப் குழுக்களில் இருக்க வேண்டியிருக்கிறது. இரசாயனவியல் டியூஷனுக்கு ஒன்று, உயிரியலுக்கு ஒன்று, கடந்தகால வினாத்தாள்களுக்கு ஒன்று. ஒரு குழுவில் பல நூறு பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் இலக்கமும் தெரியும். பெயர் தெரியும், வைத்திருந்தால் படமும் தெரியும். பிறகு ஓர் இரவில் தெரியாத இலக்கத்திலிருந்து "ஹாய்" என்று வருகிறது. பதில் போடாவிட்டால் அழைப்பு வருகிறது. தடுத்தால் வேறு இலக்கத்திலிருந்து வருகிறது.

அதன் பின் நடப்பதை நம்மில் பலர் அறிவோம். பல வீடுகளில் முதலில் பறிக்கப்படுவது அந்தப் பிள்ளையின் தொலைபேசி. அடுத்ததாக, அவளுடைய வகுப்பு. செய்தி அனுப்பியவன் வழமைபோல வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பான். பிள்ளை வீட்டிலிருந்து தோழியின் குறிப்புகளைக் கேட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். இதற்குப் பயந்தே பல மாணவிகள் இப்படியான தொல்லையை வீட்டில் சொல்வதில்லை. சொல்லாமல் விடுவதால் தொல்லை கொடுப்பவனுக்குத் துணிவு கூடுகிறது.

இது பிள்ளையின் பிழையுமல்ல, தொலைபேசியின் பிழையுமல்ல. அறிவித்தல் கொடுப்பதற்குக் குழு என்ற பிழையான வழியைத் தெரிவு செய்ததே பிழை. வகுப்பு நேரத்தையும் வினாத்தாளையும் அனுப்புவதற்கு வட்ஸ்அப்பிலேயே 2023 முதல் 'சனல்' என்ற வசதி இருக்கிறது. அதைப் பின்தொடர்பவரின் இலக்கம் மற்றவர்களுக்குத் தெரியாது. டெலிகிராமிலும் சனல் உண்டு. அங்கே இலக்கத்தை மறைத்து ஒரு பயனர் பெயரை மட்டும் காட்டலாம். 2024 முதல் சிக்னலிலும் அவ்வாறு செய்யலாம். ஆசிரியர் ஒருவர் பத்து நிமிடம் ஒதுக்கி இதை மாற்றினால் நூற்றுக்கணக்கான மாணவிகள் நிம்மதியாக இருப்பார்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. பெற்றோர் சேர்ந்து கேட்டால் எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

அதுவரை நாமும் செய்யக்கூடியவை உண்டு. வட்ஸ்அப்பின் தனியுரிமை அமைப்பில், எங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம், படத்தை யார் பார்க்கலாம் என்ற இரண்டையும் 'எனது தொடர்புகள்' என்று மாற்றிவிடுங்கள். பலருக்கு அது 'எல்லோரும்' என்றே கிடக்கிறது.

மூன்றாவது கேள்வி: நமக்கு வேண்டியவர் இருக்கும் இடத்தில் அது வேலை செய்யுமா?

எவ்வளவு பாதுகாப்பான செயலியாக இருந்தாலும், மறுமுனையில் ஆளில்லாவிட்டால் பயனில்லை. நமது ஊர்களில் வாப்பாவோ, நானாவோ, சில வீடுகளில் உம்மாவோ வளைகுடா நாடுகளில் உழைக்கிறார்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், ஆனால் சாதாரணமாக அழைப்பு எடுக்க முடியாது. அங்கே அனுமதி பெற்ற பொட்டிம் போன்ற செயலிகளைத்தான் அழைப்புக்குப் பாவிக்க வேண்டும். சவூதி அரேபியா 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகளுக்கான தடையைத் தளர்த்தியது. அப்போதும் எல்லாச் செயலிகளும் ஒரே நாளில் திறக்கப்படவில்லை. ஆகவே துபாயில் இருக்கும் வாப்பாவிடம் "சிக்னலுக்கு மாறுங்க" என்று இங்கிருந்து சட்டம் போட முடியாது. எந்தச் செயலி எதற்கு என்று பிரித்துக்கொள்ளலாம். முகம் பார்த்துப் பேச அங்கே அனுமதியுள்ள செயலி. அடையாள அட்டைப் பிரதி, வங்கி விபரம், குடும்பப் படங்கள் போன்றவற்றுக்கு முனைக்கு முனை பூட்டுள்ள செயலி.

அழைப்புக்கென்று இறக்கும் சில செயலிகளில், முன்பின் தெரியாதவர்கள் கூடிப் பேசும் அறைகளும் சேர்ந்தே வருகின்றன. வாப்பாவுடன் பேசக் கொடுத்த தொலைபேசியில் தம்பி அந்த அறைகளுக்குள் போய்விடலாம். நிறுவியவுடன் ஒரு தடவை உள்ளே முழுவதும் பார்த்துவிடுவது நல்லது.

ஒரே செயலியை நம்பியிருக்கவும் கூடாது என்பதை நமது நாடே நமக்குக் காட்டியிருக்கிறது. 2018 மார்ச் மாதம் திகனயிலும் கண்டி மாவட்டத்தின் வேறு பகுதிகளிலும் வன்முறை நடந்தபோது ஃபேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவை முடக்கப்பட்டன. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னும், 2022 ஏப்ரல் மாதப் போராட்டங்களின்போதும் மீண்டும் முடக்கப்பட்டன. வீட்டார் பத்திரமாக இருக்கிறார்களா என்று அறிய மிகவும் துடித்த நாட்களில்தான் செயலிகள் ஓய்ந்துபோயின. இருபது வருடங்களுக்கு மேல் இருந்த ஸ்கைப்பே 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. எனவே முக்கியமான இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வெளிநாட்டில் உள்ளவருக்குச் சாதாரண அழைப்பு எடுப்பது எப்படி என்று உம்மாவுக்கும் தெரிந்திருக்கட்டும்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் கிடைத்தாலும், ஒரு விடயத்தில் எந்தச் செயலியும் நம்மைக் காப்பாற்றாது. மறுமுனையில் இருப்பவர் நமது செய்தியைப் படம் பிடித்து அடுத்தவருக்கு அனுப்பினால் எந்தப் பூட்டும் உதவாது. நம்பிச் சொன்னது அமானிதம் என்ற எண்ணம் இருவருக்கும் இருக்க வேண்டும். அதேபோல, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்பவர் நெருங்கிய உறவினரின் பெயரில் வந்தாலும் கொடுக்கக் கூடாது. அதைக் கொடுத்தால் நமது கணக்கு மற்றவர் கைக்குப் போய்விடும்.

அன்பான பெற்றோர்களே, "யாரோட பேசுற?" என்று எங்களிடம் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அதோடு "எதில் பேசுற, அதில் உன்ட இலக்கம் யாருக்குத் தெரியும்?" என்றும் கேளுங்கள். தெரியாத ஒருவர் தொல்லை கொடுத்தால் பிள்ளை முதலில் ஓடி வருவது உங்களிடமாக இருக்கட்டும். அதற்கு அவளது தொலைபேசியும் வகுப்பும் பறிபோகாது என்ற உறுதி அவளுக்கு வேண்டும். அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு முறைப்பாடு செய்யலாம். பிள்ளைகளுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கங்கள் இருக்கின்றன.

தோழிகளே, நமது உம்மாமாரில் பலருக்குச் செயலியை நிறுவிக் கொடுத்தது நாம்தான். ஆனால் அமைப்புகளை மாற்றிக் கொடுத்தோமா? வருகிற விடுமுறையில் ஒரு நாள் அஸருக்குப் பின் உம்மாவின் தொலைபேசியை எடுத்து, பக்கத்தில் அமர்ந்து, மூன்று கேள்விகளையும் சேர்ந்தே பார்த்துவிடுங்கள். அரை மணித்தியாலம்கூட எடுக்காது.