டிக்கெட் ஜன்னல்: மாலை மைதானம் யாருக்கு?



சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழு கூடியபோது, ஆண்டு விழாச் செலவு போக எட்டாயிரம் ரூபாய் மீந்திருப்பதாகப் பொருளாளர் கணக்கு வாசித்தார். அதனைக் கொண்டு கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கபடிப் போட்டி நடத்தி, வெற்றி பெறும் அணிக்கு வெள்ளிக் கோப்பை வழங்கலாம் என்று பெரியவர் ஒருவர் யோசனை கூறினார். எல்லோரும் தலையசைத்தனர், நாமும் அசைத்தோம். அப்போது கடைசி வரிசையில் தாயாருடன் அமர்ந்திருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"கோப்பை வாங்கப் போகிறவர்கள் இப்போதே மைதானத்தில்தான் இருக்கிறார்கள், மாமா. மைதானத்துப் பக்கமே வராதவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டு அறிவதற்கு இந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாதா?" என்றாள்.

கூட்டத்தில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் நாமும் கலந்துகொண்டோம் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே மேலே எழுதுவது முறை.

அப்பெண்ணை நாம் அறிவோம். பட்டப்படிப்பு முடியும் வரை பெண்களுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. அவளுடைய டிக்கெட்டை மாதந்தோறும் எழுதிக் கொடுப்பது நம் ஜன்னலில்தான். காலையில் சித்தூரில் ஏறி, பாகாலா வழியாகத் திருப்பதி சென்று, இருட்டும் வேளையில் திரும்புகிறாள். ஒரே மாவட்டமாக இருந்த சித்தூரும் திருப்பதியும் 2022இல் இரண்டு மாவட்டங்களாயின. ஆயினும் படிக்கும் பிள்ளைகளின் பயணம் அந்த எல்லையைக் கண்டுகொள்ளாமல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மறுநாள் ஜன்னலருகே நின்றவளிடம், நீ ஏன் விளையாடுவதில்லை என்று கேட்டோம். "வகுப்பு முடிந்த பிறகுதான் மைதானம் திறக்கிறார்கள், மாமா. அந்நேரம் நாங்கள் ஸ்டேஷனுக்கு ஓடிக்கொண்டிருப்போம். வண்டியைப் பிடிக்க ஓடுவதுதான் எங்களுக்கு ஓட்டப் பந்தயம்" என்றாள். மேலும் கேட்டபோது மற்றவையும் வெளிவந்தன. அவளுக்குத் தெலுங்கு நன்றாக வரும். ஆனால் தோழியர் செய்யும் கேலி புரியச் சற்று நேரமாகும். அதற்குள் எல்லோரும் சிரித்து முடித்திருப்பார்கள். அவள் வகுப்பில் ஒரு காலைச் சாய்த்து நடக்கும் மாணவன் ஒருவன் இருக்கிறான். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு பந்தயத்திலும் அவனுக்குக் கிடைப்பது புள்ளிக் கணக்கு எழுதும் வேலை. அவனை யாரும் விரட்டவில்லை. ஆட வா என்று யாரும் அழைக்கவும் இல்லை. பிறருடைய ஓட்டங்களைக் கணக்கில் எழுதி வைப்பது எப்படிப்பட்ட தொழில் என்பது குமாஸ்தாக்களாகிய நமக்குத் தெரியாததன்று.

"விளையாட்டுக்கு ஓர் ஆராய்ச்சியா? அதற்குப் பணமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். எனினும் சில நாட்களாகத் தேடிப் படித்ததில், இது புதிய பைத்தியம் அன்று என்று விளங்கியது.

1960 வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணியில் பிறந்து, திருப்பதி மிஷன் பள்ளியில் பயின்றவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1948-49இல் அவர் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்களின் உடல்நலத்தையும் பொழுதுபோக்கையும் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதியது. ஆண், பெண் இருபாலாருக்கும் இரண்டாண்டு உடற்பயிற்சி வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆனால் உடல் தகுதியற்றோருக்கு விலக்கு அளித்தது. அக்காலத்தில் அது இரக்கம். புள்ளிக் கணக்கு எழுதும் அந்த மாணவனை நினைக்கும்போதோ, விலக்கு அளிப்பதற்கும் விலக்கி வைப்பதற்கும் இடையே எத்தனை தூரம் என்ற கேள்வி எழுகிறது. 2016இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அக்கேள்விக்கு விடை கூறிவிட்டது. விளையாட்டுகளில் அவர்களும் பங்கு பெறும்படி திட்டங்களையும் இடங்களையும் திருத்தியமைப்பது அரசின் கடமை என்று அது விதிக்கிறது.

அதே 1948ஆம் ஆண்டில் கடல் கடந்து நடந்த செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பின மக்களும் தனித்தனிக் கல்லூரிகளில் பயின்ற காலம் அது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டில்லார்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் வாசன் என்பவருக்குக் கார்னகி நிதியிலிருந்து ஓர் உதவித்தொகை கிடைத்தது. அவர் அதனைக் கொண்டு, கறுப்பின மாணவர் பயிலும் கல்லூரிகளில் சாதாரணப் பிள்ளைகள் விளையாட என்ன வசதி இருக்கிறது என்று ஆராய்ந்தார். வெளியூர்ப் பந்தயத்துக்குப் போகும் தேர்ந்த வீரர்கள் அவருடைய கவலை அல்லர். கல்லூரிக்குள்ளேயே தமக்குள் ஆடும் மற்றவர்களே அவருடைய கவலை. அதன் பயனாக 1950 பிப்ரவரியில் 11 கல்லூரிகளைச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் டில்லார்டில் கூடி ஒரு சங்கம் கண்டனர். அச்சங்கம் இன்று பெரிதாக வளர்ந்து, தன் அறக்கட்டளை வழியாக இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு நிதி வழங்குகிறது. ஒரு சிறு உதவித்தொகை ஊன்றிய விதை அது.

அக்கதையில் நாம் மறக்கக் கூடாத பகுதி இன்னொன்று. பெண்களும் சேர்ந்து தொடங்கிய அதே சங்கம், பிறகு சில ஆண்டுகள் பெண்களை விலக்கி வைத்தது. 1971இல்தான் மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பிறரை ஒதுக்கத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நாம் முன்பு வேலை பார்த்த ஊரில் ஒரு ரயில்வே இன்ஸ்டிட்யூட் இருந்தது. கேரம் பலகையைச் சுற்றி நாள்தோறும் அதே நால்வர்தாம் அமர்ந்திருப்பார்கள். அந்நால்வருள் நாமும் ஒருவர். ஊழியர் குடும்பத்துப் பெண்கள் ஒருவரும் அந்தப் படி ஏறியதில்லை. ஏன் என்று நாம் ஒரு நாளும் கேட்டதில்லை.

நம் நாட்டில் இப்போது வழி இல்லாமல் இல்லை. சமூக அறிவியல் ஆராய்ச்சிகளுக்கு நிதி தருவதற்கென்றே இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் 1969இல் ஏற்பட்டது. மாணவரின் உடல் தகுதி, விளையாட்டு, மனநலம் ஆகியவற்றுக்கான நெறிமுறைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் வெளியிட்டு, கல்லூரிதோறும் ஒரு மாணவர் சேவை மையம் வேண்டும் என்றது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 13,044 மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குத் தருகிறது. ஆந்திர மாநிலத்தில் நேர்ந்த ஒரு மாணவியின் மரணத்தை முன்னிட்டு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிகளில், கல்வி நிலையங்கள் விளையாட்டுக்கும் கலைகளுக்கும் முதன்மை தரவேண்டும் என்பதும் ஒன்று. மைதானம் ஒன்றே உயிரைக் காத்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. மாலையில் "இன்று ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவர் இருப்பது சிறு காரியம் அன்று என்றே சொல்கிறோம்.

பெரிய நிதிகள் பேராசிரியர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியவை. அவற்றைக் கேட்பதற்கு முன் கையில் ஒரு சிறு கணக்காவது இருக்க வேண்டும். அப்பெண் கேட்பது அந்தச் சிறு கணக்குக்கான செலவையே. அவள் திட்டம் இதுதான். இரண்டு வாரம், மைதான வாயிலில் நின்று, வருவோர் எத்தனை பேர், ஆண் எத்தனை, பெண் எத்தனை, விடுதியில் தங்குவோர் எத்தனை, ஊரிலிருந்து வந்து போவோர் எத்தனை என்று எண்ணுவது. பிறகு வராதவர்களைத் தேடிச் சென்று காரணம் கேட்பது. வருவோரை மட்டும் கேட்டால், வண்டியில் ஏறியவரிடம் மட்டும் வண்டி கிடைத்ததா என்று கேட்ட கதையாகும்.

உலக சுகாதார நிறுவனம் 1998இல் வகுத்த நலக் குறியீடு ஒன்று இருக்கிறது. கடந்த இரண்டு வாரங்களில் மனம் மகிழ்ந்திருந்ததா, அமைதியாக இருந்ததா, சுறுசுறுப்பு இருந்ததா, தூங்கி எழுந்தபோது களைப்பு நீங்கியிருந்ததா, அன்றாட வாழ்வில் ஈடுபாடு இருந்ததா என்னும் ஐந்தே கேள்விகள் அதில் உள்ளன. அதையும் கேட்பாள். விளையாடுவதால் மகிழ்ச்சியா, மகிழ்ச்சியாக இருப்பவர்தாம் விளையாட வருகிறார்களா என்ற ஐயம் எழும். ஆகையால் பகல் உணவு வேளையில் அரை மணி நேரம் மைதானத்தைத் திறந்துவிடும்படி கல்லூரியை வேண்டி, சில வாரம் சென்றபின் மறுபடியும் எண்ணி, மறுபடியும் கேட்பாள். எவருடைய பெயரும் தாளில் இராது. அவள் பேராசிரியை ஒருவர் மேற்பார்வை செய்ய இசைந்திருக்கிறார்.

செயற்குழு மறுபடியும் கூடியது. வாக்குவாதம் நடந்தது. இறுதியில் ஐயாயிரம் ரூபாய் இந்தக் கணக்கெடுப்புக்கும், மூவாயிரம் கபடிப் போட்டிக்கும் என்று முடிவாயிற்று. வெள்ளிக் கோப்பைக்குப் பதில் சான்றிதழ்தான். கோப்பை யோசனை கூறிய பெரியவருக்கு வருத்தம் உண்டு. கோப்பையாவது அலமாரியில் நிற்கும், இந்தக் காகிதம் எங்கே நிற்கும் என்று அவர் கேட்டதில் நியாயமில்லாமல் இல்லை. கணக்கெடுப்பில் ஒன்றும் புலப்படாமலும் போகலாம். அப்படியானால் அதையும் இப்பகுதியில் ஒளிவின்றி எழுதுவோம்.

பிழைப்பை நாடி வந்து இவ்வூர்களில் குடியேறிய நம் வீடுகளில், பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் கேட்கிறோம். வண்டி தாமதமா என்று கேட்கிறோம். இனி இன்னொன்றும் கேட்போம். இன்று யாருடன் விளையாடினாய், யாருடன் சிரித்தாய் என்று கேட்போம். கேள்வித்தாள் வரும்போது, நமக்கெதற்கு வம்பு என்று பிள்ளைகளைத் தடுக்காமல் உண்மையை எழுதச் சொல்லுங்கள்.

நேற்று மாலை அப்பெண் ஜன்னலுக்கு வந்து, எண்ணுவதற்கென்று வாங்கிய கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். முதல் பக்கத்தில் தேதி மட்டும் எழுதியிருந்தது. காலைச் சாய்த்து நடக்கும் அம்மாணவனும் அவளோடு எண்ணப் போகிறானாம். "மறுபடியும் கணக்கு எழுதும் வேலைதானா?" என்று கேட்டோம். "ஆமாம் மாமா, ஆனால் இந்தத் தடவை கணக்கில் அவனும் இருப்பான்" என்றாள்.